சேர்க்காமல் விட்டுப் பாருங்கள்: ஒரே பார்ட்டில் பல பாடிகள்

முப்பரிமாண டிசைன் மென்பொருள் சொல்லித்தரும் வகுப்புகளில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் ஸ்கெட்ச், பிறகு எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், கொஞ்சம் ஃபில்லட், நாலு துளை. அது முடிந்ததும் நேராக அசெம்ப்ளிக்குத் தாவிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. ஒரே பார்ட் கோப்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட திடப்பொருட்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்துக்கொண்டு வேலை செய்வது. இதற்கு மல்டிபாடி மாடலிங் என்று பெயர். கேட்டால் ஏதோ மேல்நிலைப் பாடம் மாதிரி தெரியும். உண்மையில் எல்லாமே ஒரு சின்ன டிக்கில்தான் ஆரம்பிக்கிறது.

சாலிட்வொர்க்ஸை வைத்துச் சொல்கிறேன், இங்கே அதிகம் பேர் புழங்குவது அது என்பதால். ஒரு கட்டையை எக்ஸ்ட்ரூட் செய்கிறீர்கள். அதன் மேல் இன்னொரு ஸ்கெட்ச் போட்டு மறுபடி எக்ஸ்ட்ரூட். இந்த இரண்டாவது தடவை இடதுபக்கப் பலகத்தைப் பாருங்கள். 'மெர்ஜ் ரிசல்ட்' என்று ஒரு பெட்டி, அதில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். அப்படியே ஓகே கொடுத்தால் புதிய துண்டு பழைய கட்டையோடு கலந்து ஒரே பாடி ஆகிவிடும். டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால் இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் தனித்தனி. ஃபீச்சர் ட்ரீயின் மேல்பகுதியில் 'சாலிட் பாடீஸ்' என்ற ஃபோல்டருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்று காட்டும்.

அந்த எண்ணின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். மல்டிபாடியே வேண்டாம் என்பவர்களுக்கும் இதைச் சொல்வேன். ஒரே பாடியாக இருக்க வேண்டிய பிராக்கெட்டில் 2 என்று காட்டினால் எங்கேயோ ஒரு இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். விலா எலும்பு மாதிரி வரைந்த ரிப் ஒன்று சுவரைத் தொடாமல் 0.01 மி.மீ. தள்ளி நிற்கலாம். திரையில் கண்ணுக்குத் தெரியாது. மெர்ஜ் டிக் இருந்தாலும் தொடாத பொருளை மென்பொருளால் சேர்க்க முடியாது, சத்தம் போடாமல் தனி பாடியாக வைத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. இரண்டு துண்டுகள் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், சேர்க்கச் சொன்னதும் 'ஜீரோ திக்னஸ் ஜியாமெட்ரி' என்று மறுத்துவிடும். விளிம்புக்குத் தடிமன் கிடையாது. தடிமன் இல்லாத இணைப்பை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. அந்த விஷயத்தில் மென்பொருள் சொல்வது நியாயம்தான்.

இன்னொரு இடத்திலும் பாடிகள் பிறக்கும். ஒரு தகட்டின் குறுக்கே முழுவதுமாகக் கட் போட்டால் அது இரண்டாகப் பிளக்கும். உடனே ஒரு சின்ன ஜன்னல் எழும்பி, எந்தத் துண்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும். பலர் படிக்காமலேயே ஓகே அடித்துவிட்டு, பத்து ஃபீச்சர் தாண்டிய பிறகு பாதிப் பொருளைத் தேடுவார்கள்.

சரி, தனித்தனியாக வைத்துக்கொண்டு என்ன லாபம்? ஒரு காபி மக்கை எடுத்துக்கொள்வோம். 80 மி.மீ. விட்டம், 95 மி.மீ. உயரம், 3 மி.மீ. சுவர், பக்கத்தில் ஒரு கைப்பிடி. வழக்கமான முறையில் உருளையை ரிவால்வ் செய்து, கைப்பிடியை ஸ்வீப் செய்து ஒட்டி, மேல்முகத்தைத் தேர்ந்தெடுத்து ஷெல் கொடுத்தால் என்ன ஆகும்? ஷெல் கட்டளைக்கு மக் எது, கைப்பிடி எது என்று தெரியாது. தடிமன் இடம்கொடுத்தால் கைப்பிடியையும் உள்ளே குடைந்துவிடும், காபி கைப்பிடிக்குள்ளும் போகும். இடம்கொடுக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். சரி, ஷெல்லை முதலில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிறகு ஒட்டலாம் என்றால், ஸ்வீப்பின் இரண்டு முனைகளும் சுவரைத் துளைத்துக்கொண்டு மக்குக்குள் மூக்கை நீட்டும்.

பாடிகளைப் பிரித்து வைத்தால் இது நாலு கட்டளையில் முடிகிற வேலை. மக் ஒரு முழுக் கட்டையாக இருக்கட்டும். கைப்பிடியை மெர்ஜ் டிக் இல்லாமல் ஸ்வீப் செய்யுங்கள், முனைகள் கட்டைக்குள் தாராளமாகப் புதைந்திருக்கட்டும். இப்போது 'மூவ்/காப்பி பாடீஸ்' கட்டளையில் கட்டைக்கு ஒரு நகல் எடுங்கள். எங்கும் நகர்த்த வேண்டாம், அதே இடத்திலேயே. அந்த நகலைக் 'கம்பைன்' கட்டளையின் சப்டிராக்ட் வழியாகக் கைப்பிடியிலிருந்து கழியுங்கள். கைப்பிடியின் முனைகள் மக்கின் வெளிச்சுவர் வளைவுக்கு அச்சாக வெட்டப்பட்டு நிற்கும். பிறகு மூலக் கட்டைக்கு மட்டும் ஷெல். கைப்பிடி தனி பாடியாக இருப்பதால் ஷெல் அதைத் தொடாது. கடைசியாகக் கம்பைனில் ஆட் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, சேருமிடத்தில் ஃபில்லட். ஃபோல்டரில் மறுபடி 1.

நகல் ஏன் எடுத்தோம் என்பதைக் கவனியுங்கள். நான் பழகிய சாலிட்வொர்க்ஸ் பதிப்புகளில், கழிக்கப் பயன்படுத்திய பாடி அந்த வேலையோடு காலி. நகல் இல்லாவிட்டால் மக்கே காணாமல் போயிருக்கும். ஃப்யூஷன் மென்பொருளில் இதற்கு 'கீப் டூல்ஸ்' என்று ஒரு டிக் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

கம்பைனில் மொத்தமே மூன்று வேலைதான்: கூட்டல், கழித்தல், இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுதல். கடைசியான 'காமன்' என்பதைப் பலர் தொடுவதே இல்லை. முகப்புத் தோற்றத்தை ஒரு திசையிலும் பக்கத் தோற்றத்தை இன்னொரு திசையிலும் இரண்டு கட்டைகளாக எக்ஸ்ட்ரூட் செய்து, காமன் கொடுத்துப் பாருங்கள். ஸ்பேனர், கத்திப்பிடி, நாற்காலிக் கால் மாதிரி இரண்டு பக்கமும் வளைவுள்ள வடிவங்கள் பல இதில் சட்டென்று வந்துவிடும். சர்ஃபேஸ் மாடலிங்கில் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

இதெல்லாம் ஏதோ புதிய வசதி என்று நினைத்தால் தப்பு. கணினியில் திடப்பொருள் வரையத் தொடங்கிய காலத்தில் வழியே இதுதான். கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்ட் 1970-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வு, எளிய கன வடிவங்களைக் கூட்டியும் கழித்தும் சிக்கலான உறுப்பை உருவாக்குவதைப் பற்றியது. அவரும் கூட்டாளிகளும் 1974-ல் தொடங்கிய ஷேப் டேட்டா நிறுவனத்திலிருந்து ரோமுலஸும், அதன் வழியில் பாராசாலிடும் வந்தன. இன்று சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ், ஆன்ஷேப் எல்லாவற்றுக்கும் அடியில் கணக்குப் போடுவது அந்தப் பாராசாலிட்தான். இடையில் 1980-களின் கடைசியில் ப்ரோ-இன்ஜினியர் வந்து, ஃபீச்சர் ட்ரீ, அளவை மாற்றினால் வடிவம் தானே மாறுவது என்று உலகத்தையே புரட்டிப்போட்டது. அந்தப் பாணியில் ஒவ்வொரு ஃபீச்சரும் முந்தையதோடு ஒட்டிக்கொண்டே வளரும். ஒரு பார்ட்டுக்கு ஒரு பாடி என்பது எழுதாத சட்டம் ஆனது. சாலிட்வொர்க்ஸ் 2003 பதிப்பில் அந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்தது. ப்ரோ-இன்ஜினியரின் வாரிசான கிரியோவுக்கு முறையான மல்டிபாடி வந்தது 2020-ல், 7.0 பதிப்பில்! இதனால்தான் பழைய ப்ரோ-இ ஆசாமிகளிடம் பாடி என்று பேச்செடுத்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் கைப்பழக்கம் அப்படி.

இந்த முறை உண்மையிலேயே தன் முழு பலத்தைக் காட்டுவது வார்ப்பு வேலையில். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட், ஃபவுண்டரி உலகத்தோடு பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். சென்ட்ரிஃபியூகல் பம்பின் வெளிக்கூடு, அதாவது வால்யூட் கேசிங், நத்தை ஓடு போலச் சுருண்டு, போகப்போக அகலும். இதை வரையச் சொன்னால் புதியவர்கள் வெளிப்புறத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வெளிச்சுருளை வரைந்து, உள்ளே ஷெல் கொடுத்து, ஷெல் முறிந்து, தடிமனைக் குறைத்து, மறுபடி முறிந்து என்று பொழுது போகும்.

பம்பில் முக்கியமானது தண்ணீர் ஓடுகிற வெற்றிடம். கூடு அதைச் சுற்றி நிற்கும் வெறும் சுவர். ஆகவே வெற்றிடத்தையே முதலில் ஒரு திடமான பாடியாக வரைந்துவிட வேண்டும். சுருளின் குறுக்குவெட்டு ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஹைட்ராலிக் கணக்கிலிருந்து வரும். அந்தக் குறுக்குவெட்டுகளை லாஃப்ட் செய்து, டெலிவரி வாயையும் சக்ஷன் பக்கத்தையும் சேர்த்தால் தண்ணீர் வடிவம் கட்டையாகக் கையில் வந்துவிடும். இப்போது அதன் வெளிப்பரப்பைச் சுவர்த்தடிமன் அளவுக்கு, 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தள்ளி இரண்டாவது பாடி. ஃபிளாஞ்ச், கால், போல்ட் துளைக்கான பாஸ் எல்லாம் இரண்டாவதில் மட்டும் சேர்ப்போம். கடைசியில் தண்ணீர்க் கட்டையின் நகலை இதிலிருந்து கழித்தால் கேசிங் தயார், சுவர் எங்கும் சீராக.

கழித்த பிறகும் மூலக் கட்டை கையில் இருக்கிறதே, அங்கேதான் ருசி. அதன் இரண்டு முனைகளையும் நீட்டி, அச்சில் உட்காரும் கோர் பிரிண்ட் கொடுத்தால் அதுவே மணல் கோர். ஒரு பிளாக்கிலிருந்து அதைக் கழித்து நடுவே பிளந்தால் கோர் பாக்ஸ். முனையை நீட்டாமல் அப்படியே எடுத்து, திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிஎஃப்டி ஆளிடம் கொடுத்தால் அவருக்கு வேண்டிய திரவப் பகுதி தயார், அவர் தனியாக கேசிங்குக்குள் இருந்து வெற்றிடத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். வெளிப்பாடியை ஸ்கேல் கட்டளையில் சுருக்கத்துக்கு ஏற்பப் பெரிதாக்கினால் பேட்டர்ன். சாம்பல் வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய 1%, அலுமினியத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கோருக்கும் அதே ஸ்கேலைக் கொடுக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் சுவர் ஒரு பக்கம் மெலியும். இத்தனையும் ஒரே கோப்பில், ஒரே லாஃப்டிலிருந்து. நாளைக்கு ஹைட்ராலிக் ஆள் வந்து டெலிவரி வாயை 2 மி.மீ. அகலமாக்கச் சொன்னால், ஒரு ஸ்கெட்ச்சில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். கேசிங்கும் கோரும் கோர் பாக்ஸும் கூடவே மாறும்.

பம்ப் எல்லோருக்கும் ஒத்துவராது. வீட்டில் உட்கார்ந்து பழக ஒரு சின்ன வேலை சொல்கிறேன்: ராஸ்பெரி பை 4 போர்டுக்கு மூடியோடு ஒரு பெட்டி. போர்டு 85 × 56 மி.மீ. நாலு மூலைத் துளைகளின் மையங்கள் 58 × 49 மி.மீ. இடைவெளியில் இருக்கும்.

94 × 65 மி.மீ. செவ்வகத்தை 28 மி.மீ. உயரத்துக்கு எக்ஸ்ட்ரூட் செய்து, செங்குத்து மூலைகளுக்கு 4 மி.மீ. ஃபில்லட். பிறகு 2 மி.மீ. ஷெல், ஆனால் எந்த முகத்தையும் தேர்ந்தெடுக்காமல். உள்ளே 90 × 61 × 24 மி.மீ. வெற்றிடம் உள்ள மூடிய பெட்டி கிடைக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, செக்ஷன் வியூ போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் ஒரு பிளேன் வைத்து 'ஸ்ப்ளிட்'. கீழே பெட்டி, மேலே மூடி, இரண்டு பாடிகள். இரண்டும் ஒரே தாயிடமிருந்து வந்தவை என்பதால் மூலை வளைவு, அகலம், சுவர் எல்லாம் பிசிறில்லாமல் பொருந்தும்.

அடுத்தது உதடு. பெட்டியின் மேல்விளிம்பில், சுவரின் உள்பாதியில் 1 மி.மீ. தடிமனுக்கு 1.5 மி.மீ. உயரமாக ஒரு வளையம், மெர்ஜ் டிக் இல்லாமல். அது மூடியின் சுவருக்குள் புகுந்து நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு பாடிகள் ஊடுருவி இருந்தாலும் பார்ட்டுக்குள் மென்பொருள் முகம் சுளிக்காது. நிஜ உலகத்தில் நடக்காத விஷயம், இங்கே நமக்கு அதுவே வசதி. வளையத்துக்கு ஒரு நகல் எடுத்து, 'மூவ் ஃபேஸ்' கொண்டு நகலின் வெளிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் 0.2 மி.மீ. தடிக்கவைத்து, அதை மூடியிலிருந்து கழித்துவிடுங்கள். மூல வளையத்தைப் பெட்டியோடு கூட்டிவிடுங்கள். 0.2 என்பது சாதாரண ஃபிலமென்ட் பிரிண்டருக்கான இடைவெளி. பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும், சிலதுக்கு 0.3 வேண்டியிருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி மறுபடி அச்சிட்டால் போதும்படி மாடலை வைத்திருப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

போர்டைத் தாங்கும் நாலு தூண்களைப் பெட்டியில் மட்டும் எழுப்புங்கள். இங்கே 'ஃபீச்சர் ஸ்கோப்' என்பதைச் சந்திப்பீர்கள். துளையோ கட்டோ போடும்போது, வழியில் வரும் பாடிகளையெல்லாம் வெட்ட வேண்டுமா, இல்லை நான் காட்டும் பாடியை மட்டுமா என்று தீர்மானிக்கும் இடம் அது. தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் வழியில் நிற்பது எல்லாம் துளைபடும். யுஎஸ்பி வாய்களுக்கான கட் பெட்டியையும் மூடியையும் சேர்த்தே வெட்ட வேண்டும், அங்கே அது சரி. தூண் துளை மூடியில் விழக் கூடாது, அங்கே தானாகத் தேர்ந்தெடுக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் காட்டுங்கள்.

இந்த நிலையில் பாடிகளுக்குப் பெயர் வைத்துவிடுவது உத்தமம். பெயர் வைக்காத பாடி, தன்னைக் கடைசியாகத் தொட்ட ஃபீச்சரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்ளும். காலையில் 'ஸ்ப்ளிட்1' என்று இருந்தது மத்தியானம் 'ஃபில்லட்4' ஆகியிருக்கும். 'பெட்டி', 'மூடி' என்று நீங்கள் எழுதிவிட்டால் அப்படியே நிற்கும்.

மற்ற மென்பொருள்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும். ஃப்யூஷனில் எக்ஸ்ட்ரூட் பலகத்திலேயே ஜாயின், கட், நியூ பாடி, நியூ காம்பொனென்ட் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடும். அங்கே பாடி வேறு, காம்பொனென்ட் வேறு. ஜாயின்ட் போட்டு அசைக்க வேண்டுமென்றால் காம்பொனென்ட்டாக மாற்றியாக வேண்டும். ஆன்ஷேப்பில் பார்ட் ஸ்டூடியோ என்ற இடமே பல பார்ட்டுகளைச் சேர்த்து வரைவதற்காக அமைந்தது. சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்தான் அதையும் தொடங்கியவர், முதல் வீட்டில் இடிபட்ட சுவரை இரண்டாவது வீட்டில் கட்டவேயில்லை என்று எனக்குத் தோன்றும். ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் மட்டும் நீண்ட காலம் பிடிவாதம்: ஒரு பாடி என்றால் தொடர்ச்சியான ஒரே திடப்பொருள். துண்டு விலகினால் பிழை. 2024-ல் வந்த 1.0 பதிப்பில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். அதில் பழகுபவர்கள் தனித்தனி பாடிகளை வரைந்து, பார்ட் வொர்க்பெஞ்சின் பூலியன் கட்டளைகளால் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். மக் உதாரணம் அதிலும் நன்றாகவே வரும்.

இரும்பு வேலை செய்பவர்களுக்கு வெல்ட்மென்ட் என்ற பெயரில் இதே சங்கதி இருக்கிறது. சதுரக் குழாயில் மேசைச் சட்டம் வரைந்தால் ஒவ்வொரு குழாயும் ஒரு பாடி, ஃபோல்டரின் பெயர் 'கட் லிஸ்ட்' என்று மாறி, எந்த நீளத்தில் எத்தனை என்று வெட்டுக்கணக்கே கொடுத்துவிடும். வெல்ட்மென்ட் பார்ட் என்று ஆனவுடன் மெர்ஜ் டிக் தானாகவே எடுபட்டிருக்கும், அதனால் கேட்காமல் குழாய்கள் ஒட்டிக்கொள்ளாது.

இவ்வளவு சொன்னதும் முழு இயந்திரத்தையே ஒரு பார்ட்டில் வரைந்துவிடலாமே என்று சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். பார்ட்டுக்குள் இருக்கும் பாடிகள் மேட் போட்டுச் சுழலாது, நகராது. கோப்பை ஒருவர் திறந்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அசெம்ப்ளியில் வைத்து பிஓஎம், அதாவது உறுப்புப் பட்டியல், எடுத்தால், உள்ளே இருபது பாடி இருந்தாலும் ஒரே வரிதான் வரும். சாலிட்வொர்க்ஸின் உதவிப் பக்கமே, பொதுவாக ஒரு பார்ட் கோப்பு பிஓஎம்மில் ஒரு பார்ட் நம்பருக்கு நிகராக இருக்கட்டும் என்கிறது. கடையில் வாங்குகிற ஸ்க்ரூ, பேரிங், மோட்டார் எதையும் பாடியாக இறக்குமதி செய்து அடைக்காதீர்கள். ரீபில்ட் ஆமையாகும்.

அப்படியென்றால் நம் பெட்டியும் மூடியும்? அவை இரண்டு பார்ட் நம்பர்தானே? ஆமாம். வரைவதற்கு ஒரே கோப்பு, கொடுப்பதற்கு இரண்டு. அச்சிட மட்டும் என்றால் பாடியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் எஸ்டிஎல்லாகச் சேமித்தால் போதும். டிராயிங்கும் பார்ட் நம்பரும் வேண்டுமென்றால் பாடிகளைத் தனிப் பார்ட் கோப்புகளாக வெளியே எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு வழி. 'சேவ் பாடீஸ்' மூலக் கோப்பின், அதாவது மாஸ்டரின், ட்ரீயில் ஒரு ஃபீச்சராக உட்காரும். அது உட்கார்ந்த இடம் வரைக்கும் நடந்தவை மட்டுமே வெளியே எடுத்த குட்டிக் கோப்புக்குப் போகும், அதற்குக் கீழே நீங்கள் சேர்க்கும் ஃபில்லட் போகாது. 'இன்சர்ட் இன்டு நியூ பார்ட்' அப்படியில்லை, மாஸ்டரின் கடைசி நிலை எதுவோ அதைக் காட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஃபேப்ரிகேஷன் வேலையில் ஒரு கட்டத்தோடு வடிவத்தை நிறுத்திப் பூட்ட வேண்டியவர்கள் முதலாவதை எடுப்பார்கள்.

எந்த வழியானாலும் போக்கு ஒருவழிப் பாதை: மாஸ்டரில் மாற்றினால் குட்டிக்குப் போகும், குட்டியில் மாற்றினால் மாஸ்டருக்குத் திரும்பாது. பெட்டிக்கு ஒரு கீல் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு குட்டிகளையும் ஓர் அசெம்ப்ளியில் கொண்டுவந்து, கீலைப் பொருத்தி, மூடியைத் திறந்து மூடிப் பார்க்கலாம். கீலுக்கான துளைகள் இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் விழ வேண்டியவை, ஆகவே அவற்றை மாஸ்டரில் ஒரே ஸ்கெட்ச்சில் போடுங்கள். மூடியின் மேல் பொறிக்கும் பெயர், பெட்டியின் அடியில் ஒட்டும் ரப்பர் காலுக்கான குழி இவையெல்லாம் ஒன்றையொன்று சாராதவை, அவை அந்தந்தக் குட்டியிலேயே இருக்கட்டும்.